செம்மண் சட்டைக்கு வைத்த பொங்கல்

முஜீப் அன்று வாடகை லாரியில் மலையேறியது ஒரு பழைய கேபிள் டிஷ்ஷை எடுத்துக்கொண்டு போகத்தான். சேந்தமங்கலத்தில் இருந்த கேபிள் கடையை இழுத்து மூடிவிட்டு, அதே இடத்தில் செல்போன் கடை போட்டாகிவிட்டது. கொல்லிமலையிலும் இப்போது வீட்டுக்கு வீடு தோசைக்கல் அளவில் ஒரு குட்டி டிஷ் வந்து உட்கார்ந்துகொண்டது. இனி அவனுடைய ஆளுயர டிஷ்ஷை யார் சீந்தப் போகிறார்கள்? எடைக்காவது போடலாம் என்று அவன் மனைவி இர்ஃபானாதான் நச்சரித்து அனுப்பினாள். "போனா அங்கயே உக்காந்துராதீங்க" என்றும் சொல்லியிருந்தாள். ஆளை அவளுக்குத் தெரியும்.

மலைமேல் ஊர்களை நாடு என்றுதான் சொல்வார்கள்; அப்படிக் குண்டனி நாட்டில், கருப்பண்ணன் காட்டுப் பாறையில் ஒரு காலத்தில் வானத்தைப் பார்த்து நின்ற டிஷ் இப்போது தரையில் மல்லாந்து கிடந்தது. அதற்குள் ஒரு மூட்டை மிளகு கொட்டிக் காயவைத்திருந்தாள் கருப்பண்ணனின் மனைவி அத்தாயி. பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து கையால் துழாவிக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு. டிஷ்ஷுக்கா வந்த? மொளகு காயுதே, எப்புடிக் குடுக்கறது?"

"பரவால்லீங்கக்கா. காயட்டும்" என்று முஜீப் பாறையில் உட்கார்ந்தான். இர்ஃபானா சொன்னது இதைத்தான்.

கீழே மரவள்ளிக் காட்டிலிருந்து கருப்பண்ணன் மேலே ஏறி வந்தார். வலது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தார், கையில் தடி இருந்தது. ஆனால் அறுபது வயதுக்கு அந்த ஏற்றத்தை மூச்சு வாங்காமல் ஏறினார். முஜீப்பைப் பார்த்ததும் நலம் விசாரிக்கவில்லை, கடையைப் பற்றிக் கேட்கவில்லை. "ஏண்டா முஜீபு, செம்மண் சட்டைக்காரங்க இன்னும் ஆடறாங்களா?" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வருடம் முழுக்க முஜீப்புக்குக் கண்முன்னால் வந்துவிட்டது.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் அது. கேபிள் தொழில் கொடிகட்டிப் பறந்த நேரம். அடிவாரத்து ஊர்களில் மூலைக்கு மூன்று பேர் கேபிள் இழுத்துவிட்டதால், முஜீப் துணிந்து மலைக்கு வந்தான். மலைமேல் பெரிய ஊரான செம்மேட்டைத் தாண்டி உள்ளே எந்தக் கேபிள்காரனும் வந்திருக்கவில்லை. கருப்பண்ணன் தன் காட்டுப் பாறையைக் கொடுத்தார், அதற்கு அவர் வீட்டுக்கு இலவச இணைப்பு என்று பேச்சு. ஒரு டிஷ்ஷில் தமிழ் சேனல்கள் வந்தன. இன்னொரு டிஷ் பழசு, திருச்சியில் யாரோ கழித்துக் கட்டியது. கிழக்கே மலை மறைத்ததால் அதை மேற்கே பார்க்கத் திருப்பி வைத்தான். அதில் வந்தது ஒரே ஒரு வெளிநாட்டு விளையாட்டுச் சேனல். என்ன மொழி என்றே தெரியாது. பேசுகிறவன் மூக்கடைத்தவன் மாதிரி பேசினான்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்தச் சேனலில் இந்த ஆட்டம் வந்தது.

பக்கத்துக்குப் பதினைந்து பேர். ஒவ்வொருவனும் களத்துமேட்டு உருளைக்கல் கணக்காக இருந்தான். பந்து உருண்டையாக இல்லை, பிஞ்சுப் பலாக்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூம்பியிருந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவன் ஓட, மற்றவர்கள் அவன்மேல் விழுந்தார்கள். விழுந்தவன்மேல் இன்னும் நாலு பேர் விழுந்தார்கள். அப்புறம் எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தோளோடு தோள் கோத்துக் குனிந்து கிடா மாதிரி முட்டினார்கள். கருப்பண்ணன் வீட்டில் டி.வி. பார்க்க வந்திருந்தவர்கள் வாயைப் பிளந்துவிட்டார்கள்.

"இவனுங்களுக்குள்ள என்ன பகை?" என்று கேட்டான் பக்கத்துக் காட்டு செல்லமுத்து. அவனுக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது. "செரி, பந்தை முன்னால போடாம ஏன் எல்லாம் பின்னாலயே போடறானுங்க? முன்னால போறதுக்கு இது என்ன வழி?"

உண்மையில் அதுதான் அந்த ஆட்டத்தின் சட்டம். கையால் பந்தைப் பின்பக்கம்தான் வீச வேண்டும். முஜீப்புக்கே அது அப்போது தெரியாது. கட்டிலில் படுத்திருந்த கருப்பண்ணன்தான் முதலில் கண்டுபிடித்தார். "நம்ம ரோடு மாதிரிடா. மேல போகோணும்னா ஒவ்வொரு வளைவுலயும் பின்னால திரும்பித்தான ஏறுது பஸ்ஸு?" என்றார்.

அத்தாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆட்டத்தை அல்ல, அவரை. எட்டு மாதத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து வந்த நீளமான பேச்சு அதுதான்.

அந்த வருடம் மாசி மாதத்தில், மிளகுக்கொடி படர்ந்த சவுக்கு மரத்தில் மிளகு பறிக்கச் சாத்திய ஏணி நழுவி, கருப்பண்ணன் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். நாமக்கல்லில் இரண்டு முறை ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, தடி ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. நடக்காமல் படுத்தே கிடந்தால் கால் இறுகிப்போகும், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் ஆகாது என்றும் சொல்லியிருந்தார். மனிதர் எழுந்தால்தானே? முதல் தடவை எழுந்து நின்றபோது கால் நடுங்கியது. அதோடு சரி. கட்டிலே கதி என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார். அத்தாயி கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தும் பார்த்தாள். மலையே ஏறி இறங்கிய கால் அந்தக் கட்டிலில் கிடந்து வற்றுவதைத் தினமும் பார்த்துக்கொண்டு சோறு பொங்கினாள்.

அந்த வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் திருவிழாவாயின. செம்மண் நிறத்தில் சட்டை போட்ட அணி ஒன்று இருந்தது. நம்ம மண்ணின் நிறம் என்பதைத் தவிர அவர்களைப் பிடித்துப்போக யாருக்கும் வேறு காரணம் இல்லை. அது போதாதா? செம்மண் சட்டைக்காரர்கள் முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். அடுத்ததில் சேற்றில் புரண்டு ஜெயித்தார்கள். ஒரு ஆட்டம் அவர்கள் ஊரில், அடுத்தது எதிரி ஊரில் என்று மாறி மாறி நடந்தது. சம்பந்தி வீட்டு விருந்து மாதிரி இருக்கிறதே என்றான் செல்லமுத்து. மழையிலும் பனியிலும் ஆடினார்கள். மார்கழிக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், அந்த அரைக்கால் சட்டைக்காரர்களைப் பார்த்து நிஜமாகவே கவலைப்பட்டார்கள்.

அந்த அணியில் ஒருவன் இருந்தான். ஆள் பெரியவன், காது இரண்டும் நசுங்கிப்போனவன், தலையைச் சுற்றி எப்போதும் வெள்ளைத் துணிக்கட்டு. கட்டுத்தலையன் என்று பெயர் வைத்தார் கருப்பண்ணன். பத்துப் பேர் அவன்மேல் விழுந்து கிடப்பார்கள். ஒவ்வொருவராக எழுந்து போனபிறகு அடியில் கட்டுத்தலையன் மட்டும் அசையாமல் கிடப்பான். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்புறம் ஒரு முழங்காலை ஊன்றுவான், ஒரு கையை ஊன்றுவான், எழுந்து மறுபடி ஓடுவான்.

"எந்திரிச்சுட்டான் பாரு!" என்று கருப்பண்ணன் கட்டில் சட்டத்தைத் தட்டுவார்.

"அவன் எந்திரிக்கறான்" என்பாள் அத்தாயி. அதற்குமேல் சொல்ல மாட்டாள்.

தை போய் மாசி வந்தபோது செம்மண் சட்டைக்காரர்கள் கால் இறுதியைத் தாண்டினார்கள். பங்குனியில் அரை இறுதி. அதிலும் கடைசி நிமிடத்தில், முட்டு முட்டென்று முட்டி, கட்டுத்தலையன் பந்தோடு போய்க் கோட்டுக்கு அப்பால் விழுந்தான், அப்படி விழுந்தால்தான் புள்ளி. கூட்டம் குதித்த குதியில் கருப்பண்ணன் வீட்டுப் பரணிலிருந்து சோளக் கதிர் உதிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் கருப்பண்ணன் அந்த வார்த்தையை விட்டார்.

"செம்மண் சட்டை கோப்பையத் தூக்கட்டும். அன்னிக்கு நானும் எந்திரிச்சு நடக்கறேன்."

கூட்டம் கைதட்டியது. அத்தாயி கைதட்டவில்லை. ஒரு மனிதன் தன் காலைக் கொண்டுபோய் முன்பின் தெரியாதவன் கையில் கொடுத்துவிட்டானே என்று முஜீப் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் அத்தாயி பெரியசாமி கோயிலில் பூக் கேட்கப் போனாள். அங்கே வழக்கம் அதுதான். செவ்வரளி ஒரு இலைப் பொட்டலத்தில், வெள்ளரளி இன்னொன்றில். இரண்டையும் சாமி முன்னால் குலுக்கிப் போடுவார்கள். என்ன கேட்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. எந்தப் பூ வந்தால் என்ன என்று மனசுக்குள் சாமியிடம் பேசிக்கொள்ள வேண்டும். ஒரு சின்னப் பெண் வந்து ஒரு பொட்டலத்தை எடுப்பாள். கேபிள் கம்பம் பார்க்க அந்தப் பக்கம் போன முஜீப்பும் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தான். பொட்டலத்தைப் பிரித்தால் செவ்வரளி.

செல்லமுத்துவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. இறுதி ஆட்டம் செம்மண் சட்டைக்கும் வெள்ளைச் சட்டைக்கும். வந்தது சிவப்புப் பூ. "சாமியே சொல்லிருச்சு!" என்று ஊரெல்லாம் ஓடினான். எடப்புளி நாட்டிலிருந்துகூட ஆட்டம் பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள்.

முஜீப்பின் புத்தி சும்மா இருந்திருக்கலாம். இறுதி ஆட்டம் எந்தத் தேதி என்று தெரிந்தால் ஜெனரேட்டருக்குச் சொல்லி வைக்கலாமே என்று நாமக்கல்லில் புதிதாகத் திறந்திருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனான். டி.வி. மூலையில் வந்த எழுத்துகளை ஒரு காகிதத்தில் பார்த்து எழுதிக்கொண்டு போயிருந்தான். அங்கே இருந்த பையன் அதைத் தட்டினான். படம் மேலிருந்து கீழாக இஞ்ச் இஞ்சாக வந்தது. முதலில் வானம், அப்புறம் ஒரு வெள்ளிக் கோப்பை, அப்புறம் அதைத் தூக்கிய கைகள், அப்புறம் வெள்ளைச் சட்டை.

கீழே, இவர்கள் டி.வி.யில் பார்த்த அதே ஆட்டங்கள் வரிசையாக இருந்தன, கடைசியில் இறுதி ஆட்டத்தின் தேதி இருந்தது. அது போன வருடத்துத் தேதி.

இத்தனை நாள் பார்த்தது எல்லாம் ஆறிப்போன ஆட்டம்! அந்தச் சேனல்காரன் பழசைத்தான் சுடவைத்துப் பரிமாறியிருக்கிறான். கருப்பண்ணன் சவுக்கு மரத்தில் ஏணி சாத்திய சமயத்தில் கட்டுத்தலையன் எங்கோ சேற்றில் உருண்டுகொண்டிருந்திருக்கிறான். இன்னொன்றும் அந்தப் பையன் படித்துச் சொன்னான். ரக்பி என்பது ஆட்டத்தின் பெயர். ஐரோப்பாவில் பெரிய கோப்பை வேறு இருக்கிறது, அதற்குத் தேறாத கிளப்புகளுக்காக வைத்த இரண்டாவது கோப்பை இது. உலகத்திலேயே பெரிய போட்டி என்று மலையே நம்பிக்கொண்டிருந்தது ஒரு இரண்டாம் பந்தியை. முஜீப்புக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கீழே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் நேராக மலைக்கே வந்தான்.

அத்தாயியைக் காட்டில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "அவருகிட்டச் சொன்னியா?"

"இல்லீங்கக்கா."

"சொல்லாத. ஆட்டத்தைப் போடு."

"ஏனுங்கக்கா, தோத்தாங்கன்னு தெரிஞ்சா அண்ணன் அப்பறம் எந்திரிக்கவே மாட்டாருங்களே. ஆட்டம் வரல, டிஷ் ரிப்பேருன்னு சொல்லிரலாமுங்க. செவப்புப் பூ வேற வந்துச்சு, ஊரே நம்பிக் கெடக்குது."

"பூ வந்தது வந்ததுதான் கண்ணு" என்று அவள் மரவள்ளியைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். என் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன், இந்த அக்காவுக்கு என்ன பிடிவாதம் என்று முஜீப்புக்கு எரிச்சலாக இருந்தது.

சித்திரையில் இறுதி ஆட்டம் வந்தது. வீடு கொள்ளாமல் வாசலிலும் ஆட்கள். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் காரமும் கை மாறி மாறிப் போயின. பாதி ஆட்டத்தில் செம்மண் சட்டை முன்னால் இருந்தது. கட்டுத்தலையன் வேறு ஒருமுறை கோட்டைத் தாண்டி விழுந்துவிட்டான். கருப்பண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டிருந்தார். அந்தக் காலைப் பார்த்தபோது முஜீப்பால் தாங்க முடியவில்லை. மெல்ல நழுவிப் பாறைக்கு ஓடினான். ஸ்பேனரால் போல்ட்டைத் தளர்த்தி டிஷ்ஷை விரலளவு தள்ளினான். கீழே வீட்டில் படம் பொரி பொரியாகப் போனது தெரிந்தது, ஏனென்றால் கூட்டம் ஓவென்று கத்தியது.

அவனுடைய திட்டம் இதுதான். கொஞ்ச நேரம் கழித்துக் கீழே போய், செம்மண் சட்டை ஜெயித்துவிட்டதாகப் போனில் சேதி வந்தது என்று சொல்வது. போன் இருந்ததோ செம்மேட்டில் மட்டும்தான். இதைக்கூட யோசிக்காமல் ஒரு திட்டம்!

சத்தம் அடங்கியது. பாறையில் எதுவோ டொக்கென்று தட்டியது. மறுபடி டொக்கென்று தட்டியது. முஜீப் திரும்பிப் பார்த்தான்.

கருப்பண்ணன் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் தடி, இன்னொரு கையில் வழியில் இருந்த காப்பிச் செடிகள் ஒவ்வொன்றும். உடம்பு முழுக்க வியர்வை. பின்னால் செல்லமுத்து இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, தொடாமல் தொடர்ந்து வந்தான். அவனே முதல்முறையாக எதுவும் கேட்காமல் வந்தான். எல்லோருக்கும் கடைசியில் அத்தாயி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு.

"மேகமில்ல, காத்தில்ல. ஏண்டா படம் போச்சு?" என்றார் கருப்பண்ணன். பார்வை முஜீப் கையில் இருந்த ஸ்பேனர் மேல் இருந்தது.

முஜீப்புக்குப் பொய் வாயில் வரவில்லை. "அண்ணா, இது போன வருசத்து ஆட்டமுங்க. செம்மண் சட்டை தோத்துட்டாங்க. போன வருசமே தோத்துட்டாங்க."

"போன வருசமேவா?"

"ஆமாங்க."

கருப்பண்ணன் பாறையில் தடியை ஊன்றி நின்றார். டிஷ் பார்த்த மேற்கையே பார்த்தார். அப்புறம் சொன்னார்: "அப்ப இத்தன நாளு நான் எதுக்குடா கட்டில்ல கெடந்தேன்?"

யாரும் சிரிக்கவில்லை. அவரேதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "திருப்புடா டிஷ்ஷ. கட்டுத்தலையன் எப்புடித் தோத்தான்னு பாக்கோணும்."

ஏறியதைவிட இறங்கியது சிரமமாக இருந்தது. யாரையும் தொட விடவில்லை. அவர் வீட்டு நிலைப்படியைப் பிடித்தபோது ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் பந்தைத் தரையில் நிறுத்தி உதைத்தான். அது கம்பங்களுக்கு நடுவே போனது. முடிந்தது கதை. கட்டுத்தலையன் இடுப்பில் கை வைத்துத் தரையைப் பார்த்து நின்றான். அப்புறம் நடந்ததை அந்த வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. தோற்றவர்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்றார்கள். ஜெயித்தவர்கள் நடுவே நடந்து போக, தோற்றவர்கள் கைதட்டினார்கள். கட்டுத்தலையன் எல்லோரையும்விட உரக்கத் தட்டினான் போலிருந்தது. கருப்பண்ணன் உட்காரவில்லை. கைதட்ட முடியாததால் தடியால் தரையைத் தட்டினார்.

அடுத்த வாரம் அத்தாயி பெரியசாமி கோயிலில் பொங்கல் வைத்தாள், கிடா வெட்டினாள். ஊர் சிரித்தது. தோற்ற டீமுக்குப் பொங்கல் வைத்த பொம்பளை என்று சந்தையில்கூடக் கேலி செய்தார்கள். பெரியசாமிக்கு ரக்பி புரியவில்லை என்று செல்லமுத்து பூசாரியை வருடக்கணக்கில் வம்புக்கு இழுத்தான். அவள் வாயைத் திறக்கவே இல்லை. அந்தச் சேனலும் அடுத்த வருடம் காசு கேட்க ஆரம்பித்து, ஒரு நாள் இருண்டு போனது. அதற்கப்புறம் முஜீப் எத்தனையோ ஆட்டம் பார்த்துவிட்டான். பெரிய கோப்பைகள்தான் எல்லாம். ஒன்றுகூட நெஞ்சில் நிற்கவில்லை.

இப்போது பாறையில் உட்கார்ந்து மிளகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டான். கருப்பண்ணன் கை கழுவ வீட்டுப் பக்கம் போயிருந்தார்.

"ஏனுங்கக்கா, தோத்தாங்கன்னு முன்னமே சொன்னேன். அப்பறமும் எதுக்குங்க பொங்க வெச்சீங்க?"

அத்தாயி மிளகைத் துழாவுவதை நிறுத்தவில்லை. "நான் எங்க கண்ணு ஆட்டத்தப் பத்திக் கேட்டேன்? அந்தப் பலாக்காய்ப் பந்தப் பத்திச் சாமிகிட்டக் கேக்க எனக்கென்ன பைத்தியமா? செவப்பு வந்தா எம்மனுசன் எந்திரிச்சு நடக்கோணும்னு கேட்டேன். நடந்தாரு. பொங்க வெச்சேன்."

"இத்தன வருசமாக் கேலி பண்ணாங்களேக்கா. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா என்னாவும்? சாமி எந்திரிக்க வெச்சுது, பொண்டாட்டி வேண்டிக்கிட்டான்னு ஆயிரும். இப்ப அவரு தானா எந்திரிச்சேன்னு நெனச்சு நடக்கறாரு. அப்புடியே நடக்கட்டும் சாமி."

தடி பாறையில் தட்டும் சத்தம் கேட்டது. "என்னடா ரெண்டு பேரும் குசுகுசுன்னு?" என்று வந்தார் கருப்பண்ணன்.

"டிஷ் வேணுமாம் இவனுக்கு" என்றாள் அத்தாயி.

"மொளகு காயட்டும். அப்பறம் பாக்கலாம்."

"ஆகட்டுங்கண்ணா. டிஷ் இங்கயே கெடக்கட்டும்" என்று முஜீப் எழுந்தான். இர்ஃபானாவிடம் என்ன சொல்வதென்று வழியில் யோசித்துக்கொள்ளலாம். "நான் வாரேனுங்க."

"இரு, லாரி வரைக்கும் நானும் வாரேன்" என்றார் கருப்பண்ணன். சொல்லிவிட்டு, அவனுக்கு முன்னால் இறக்கத்தில் நடக்க ஆரம்பித்தார்.